கம்பம் நிற்கும் வரை

மார்ச் 10, திங்கள்

இன்று பார்த்த வீடு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு அறை, பின்னால் முருங்கை மரம், ஜன்னலைத் திறந்தால் காற்று. பேரூராட்சி செயல் அலுவலர் என்றதும் வீட்டுக்காரர் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். காபி வந்தது. அப்புறம் பெயர் கேட்டார். எமல்டா என்றேன். ஊர்? தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை. மீன் சாப்பிடுவீங்களா? கடற்கரையில் பிறந்தவள் வேறு எதைச் சாப்பிடுவேன்? தனியாவா இருப்பீங்க? ஆமாம். "மகன்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்றார். இந்தக் கொழிஞ்சிபாளையத்தில் எல்லா வீட்டுக்காரருக்கும் ஒரு மகன் இருக்கிறான். அவர்களில் ஒருவனும் இதுவரை சம்மதித்ததில்லை.

டிசம்பரில் இங்கே மாற்றலாகி வந்தேன். இன்னும் திருப்பூரில் பெண்கள் விடுதி, அங்கிருந்து தினமும் பஸ். வந்த வாரமே சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டாயிற்று. அது வரும்போது வரட்டும்.

சாயங்காலம் ஏழாம் வார்டுப் பெண்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் ருக்குமணி. தறி ஓட்டுகிறவர், குரல் தறிச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகியது. "நாச்சிமுத்து லைன்ல இருக்கற இந்திக்காரங்க விடியறதுக்குள்ள வந்து எங்க குழாயடில குடத்தை வெச்சுட்டு நகரவே மாட்டேங்கறாங்க. ஒண்ணு அவங்க இருக்கோணும், இல்லாட்டி நாங்க இருக்கோணும். சொல்லிட்டேனுங்."

மனுவைப் படிக்காமலே வாங்கி வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

லைனைப் போய்ப் பார்த்தேன். ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள்; அறைக்கு ஒரு குடும்பம். எல்லோரும் பனியன் கம்பெனியிலோ நூல் மில்லிலோ வேலை. முதல் விஷயம், அவர்கள் இந்திக்காரர்களே இல்லை. ஒடிசா. இந்தி பேசச் சொன்னால் நம்மைப் போலவே விழிக்கிறார்கள்.

கைலாஷ் பெஹரா என்ற இளைஞனுக்கு மூன்று வருஷத் தமிழ் இருக்கிறது. "மேடம், இங்க போர் தண்ணி போச்சு. ரோடு குழாய்ல தண்ணி எப்ப வரும், எங்களுக்குத் தெரியாது. அதான் எல்லா நேரமும் நிக்குது" என்றான். ஒன்றுவிட்டு ஒரு நாள் காலை ஆறு மணிக்கு என்று ஊருக்கே தெரியும். இவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அவன் மனைவி மினதி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் மாதம். ஏற்கெனவே இரண்டு கலைந்துவிட்டதால் இந்த முறை அரசு மருத்துவமனையில் கருப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள். குடம் தூக்கக் கூடாது, பிரசவம் வரை தூரப் பயணம் கூடவே கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து லைன் சொந்தக்காரர் நாச்சிமுத்து பைக்கில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, நல்ல மனுஷர்தான், ஆனால் ஊர் முறைத்தால் தாங்க மாட்டார். "நமக்கெதுக்குங் மேடம் வம்பு? இருபதாந்தேதிக்குள்ள எல்லாத்தையும் காலி பண்ணச் சொல்லிட்டேன்" என்றார். எங்கே போவார்கள் என்று கேட்டேன். "அவங்க ஊருக்குத்தான்." ரயில், பஸ் எல்லாம் சேர்த்து இரண்டரை நாள் பயணம் என்றான் கைலாஷ். வேறு லைன்களில் குடும்பம் என்றால் சேர்ப்பதில்லையாம்.

மினதிக்குத் தமிழ் தெரியாது. எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 14, வெள்ளி

மன்றக் கூட்டத்தில் லைனுக்கு ஒரு பொதுக்குழாய் என்று எடுத்தேன். "அவங்களுக்கு இங்க ஓட்டு இருக்குதுங்களா?" என்றார் ஒரு கவுன்சிலர். இல்லை என்றேன். "அப்பறம்?" என்றார். தலைவர் செல்வநாயகி அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார். அடுத்த பொருள் தெருநாய்.

எனக்கும்தான் இங்கே ஓட்டு இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

தலைவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மார்ச் மாதம், வரி வசூல் கெடுபிடி; அலுவலகத்திலேயே நேரமாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் வீதி முழுக்கக் கூட்டம், பஸ் ஊருக்குள்ளேயே வரவில்லை. மாரியம்மன் கோவிலில் கம்பம் நடுகிறார்கள் என்றார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

பொழுது சாய்கிற நேரம். மூன்றாகக் கிளை பிரிந்த ஒரு மரத்தை, இன்று காலை வரை எங்கோ தோட்டத்தில் நின்ற மரத்தை, பட்டையை உரித்து மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, பறை முன்னால் வர ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கோவிலுக்கு எதிரே இருந்த குழியில் இறக்கினார்கள். அது நிமிர்ந்து நின்றதும் பறை நின்றது. அத்தனை ஆயிரம் பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். மறுபடி பறை அடித்தபோது என் உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிருந்தது. எங்கள் ஊரில் மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறும்போதும் இப்படித்தான் ஒரு நொடி கடல்கூட அடங்கிப் போகும். கண் கலங்கிவிட்டது. புகை என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்.

"பஸ்ஸெல்லாம் போச்சுங். வாங்க என்ற வீட்டுக்கு" என்று தலைவர் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டார்.

மார்ச் 19, புதன்

காலையில் இட்லியை வைத்துக்கொண்டே தலைவர் குண்டைப் போட்டார். "ஈ.ஓ. அம்மா, கம்பம் நட்ட அன்னைக்கு நீங்க ஊருக்குள்ள படுத்துட்டீங்க. இனிக் கம்பம் எடுக்கற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாதுங்."

"நான் கிறிஸ்தவங்கம்மா."

"ஆத்தா அதையெல்லாம் கேக்கமாட்டாளுங். படுத்தீங்களா இல்லியா?"

"படுத்தேன்."

"அப்ப நீங்க ஊர்க்காரங்க. பகல்ல எங்க வேணும்னாலும் போங்க, பொழுது சாய்ஞ்சா வந்துரோணும். நீங்க மீறிப் போயி, ஊர்ல ஒரு கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தாக்கூட உங்க தலையிலதான் விடியும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான்கு மாதமாக ஒரு வீடு தராத ஊர், இப்போது என்னை வெளியே விடமாட்டேன் என்கிறது. சிரித்து முடித்தபோதுதான் பொறி தட்டியது. நேராகக் கோவிலுக்குப் போனேன். பூசாரி மாரப்பனும் பெரியவர்களும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள், நாச்சிமுத்துவும்.

"எனக்கு ஒரு சந்தேகம். நேத்து ராத்திரி ஊருக்குள்ள படுத்தவங்க எல்லாரும் ஊர்க்காரங்கதானே?"

"அதுல என்ன சந்தேகமுங்?" என்றார் பூசாரி.

"லைன்ல இருக்கறவங்களும் இங்கதான் படுத்தாங்க."

"அவங்க என்ன ஆளுங்களோ, எவங்களோ..." என்று யாரோ இழுத்தார்கள். பூசாரி தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். "எல்லைக்கல்லு லைனுக்கும் அக்கட்டால இருக்குது. அப்ப அவங்க உள்ளதான்" என்றார். பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்து, "ஏனப்பா, உள்ள இருக்கறவங்கள வெளிய தள்ளறேன்னு சொன்னியாமா? கம்பம் நிக்கறப்பவா?" என்றார்.

நாச்சிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. "கம்பம் எடுத்த மறுநாள் காலி பண்ணிக்கறனுங். அதுக்குள்ள நான் ஒண்ணும் சொல்லலை" என்றார். அப்புறம் என்மேல் உள்ள கடுப்பில், "மேடத்துக்கும் வீடில்லாமதான இருக்குது. என்ற லைன்ல ஒரு ரூமு சும்மா கெடக்குது, வந்து இருந்து பாருங்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"சாவியைக் குடுங்க" என்றேன்.

தலைவர் தன் வீட்டிலேயே இருக்கச் சொல்லி மன்றாடினார். அவர் வீட்டில் தங்கினால் அதற்கும் ஒரு மனு வரும். தவிரவும், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

ஒரு பெட்டி, ஒரு வாளி, மாதா படம். குடிவந்தாயிற்று. கூரை மத்தியானம் கொதிக்கிறது. மினதி பாய் கொண்டுவந்து கொடுத்தாள். என்னை "அபா" என்கிறாள். ஒடியாவில் அக்காவாம். கிண்ணத்தில் சோறு கொண்டுவந்தாள். பெயர் என்னவோ சொன்னாள், வாயில் வைத்தால் நம் பழைய சோறு. பச்சை மிளகாயும் வெங்காயமும்கூட அதே. எங்கள் வீட்டுச் சட்டியிலிருந்து அள்ளி வந்ததுபோல் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

மார்ச் 21, வெள்ளி

குழாயடிக்குப் போய்ப் பார்த்தேன், வாளியோடு, வரிசையில். மேடம் முன்னாடி வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. கைலாஷ் வைத்திருந்த குடத்தை ருக்குமணி காலால் ஓரமாகத் தள்ளினார். அது உருண்டு சாக்கடை வரை போயிற்று. அவன் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கழுவிக்கொண்டு கடைசியில் போய் நின்றான். தண்ணீர் அவனுக்கு முன்பாகவே நின்றுவிட்டது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 22, சனி

இன்று பெரிய வில்லங்கம்.

கம்பம் நிற்கும் நாட்களில் இந்த ஊரில் யாரும் தாளிப்பதில்லை, எண்ணெயில் எதையும் பொரிப்பதில்லை. எனக்குத் தவக்காலம், மீன் கறி எதுவும் கிடையாது, அதனால் கவனிக்கவில்லை. மத்தியானம் மினதி கடுகெண்ணெயில் மீன் பொரித்தாள். அந்த வாசனை லைனைத் தாண்டி, வீதியைத் தாண்டி, கோவில்வரை போயிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம். முன்னால் வழக்கம்போல ருக்குமணி. "ஆத்தா நிக்கறப்ப மீன் பொரிக்கறாங்க! இவங்களத்தான் ஊர்க்காரங்கன்னு உள்ள வெச்சிருக்கீங்க!"

நான் மினதியிடம் கையைக் காட்டி, தலையை ஆட்டி, என்னென்னவோ செய்தேன். அவள் பயந்துபோய் இன்னும் வேண்டுமா என்று தட்டை நீட்டினாள். கம்பெனியில் இருந்த கைலாஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவன் ஒடியாவில் சொல்லச் சொல்ல மினதியின் முகம் வெளுத்தது. அடுப்பை அணைத்தாள். சட்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னால் கொட்டிவிட்டு வந்தாள். வந்து போனைப் பார்த்து நிறுத்தாமல் பேசினாள். கோபமாகத்தான் பேசினாள்.

போனில் கைலாஷ் சொன்னான்: "எங்க ஊர்ல உடம்புல அம்மை போட்டா, டாகுராணி வீட்டுக்கு வந்திருக்குன்னு சொல்லும். அப்ப எண்ணெய்ச் சட்டி வைக்காது, மீன் வைக்காது, தாளிக்காது. இங்கயும் டாகுராணிதான் வந்திருக்குன்னு யாரும் சொல்லலை. சொன்னா செய்வாங்களா? ஏன் யாரும் சொல்லலைன்னு கேக்குது."

வேப்பிலை வைப்பாங்களா என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். வைப்போம், படுக்கையில் வைப்போம் என்றான் கைலாஷ்.

"அட, அங்கயும் ஆத்தாதானா?" என்றார் ருக்குமணி, யாரிடமும் இல்லாமல். கூட்டம் மெதுவாகக் கலைந்தது.

எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. எத்தனை ஆறு, எத்தனை மலை, எத்தனை பாஷை தாண்டி அந்தப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டால், அங்கேயும் தாய் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வேப்பிலை பறிக்கப் போகிறாள். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

மார்ச் 23, ஞாயிறு

திருப்பூர் போய்ப் பூசை பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் ஓடி வந்துவிட்டேன். விடுதியில் ஒருநாள் தங்கினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இருந்தாலும் வந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

"ஏன் யாரும் சொல்லலை" என்பது இரண்டு நாளாக மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. இந்தப் பேரூராட்சி எதைச் சொல்லவில்லை என்று யோசித்தால், எதையுமே சொல்லவில்லை. தண்ணீர் நேரம், குப்பை நாள், அங்கன்வாடி, தடுப்பூசி, எல்லாவற்றையும் குப்பை வண்டி மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே போகிறோம். அவர்களுக்கு அது ஏதோ பாட்டு.

நேற்று கைலாஷை அலுவலகத்துக்குக் கூட்டிவந்து ஒடியாவில் பேசிப் பதிவு செய்தோம். நாலு தடவை தொண்டையைக் கனைத்தான். ஐந்தாம் தடவை நன்றாக வந்தது.

இன்று காலை வண்டி லைன் பக்கம் திரும்பியது. முதலில் தமிழ். பிறகு அவன் குரல்: "பாணி ஆசுச்சி..." தண்ணீர் வருகிறது, இன்று ஆறு மணிக்கு, இனி ஒன்றுவிட்டு ஒரு நாள், எல்லோரும் வரிசையில் நில்லுங்கள்.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள். குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு வெளியே வந்தாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பச்சைக் குப்பை வண்டி ஒன்று அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டு வீதியில் வருகிறது. அதை அவர்கள் சாமி ஊர்வலம்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வயதான ஆள் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார். நான் இருபது வருஷமாக அரசாங்க உத்தியோகம் பார்க்கிறேன். நாங்கள் செய்த ஒரு காரியத்துக்கு ஜனங்கள் இப்படி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

குழாயடியில் இன்று லைன்காரர்கள் சரியாக ஆறு மணிக்கு வந்து, வரிசையில் நின்று, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ருக்குமணிக்குச் சண்டை போட ஒன்றும் கிடைக்கவில்லை. "பாணின்னா தண்ணியாக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

மார்ச் 27, வியாழன்

வார்டுக் கூட்டத்துக்கு வண்டியில் இரண்டு பாஷையிலும் அழைப்பு விட்டேன். கைலாஷும் மினதியும் இன்னும் சிலரும் வந்து பள்ளிக்கூட வராந்தாவில் கடைசியில் உட்கார்ந்தார்கள். மினதிக்கு நாற்காலி போடச் சொன்னேன். அதற்கே கசமுசா.

குழாய் விஷயத்தை மறுபடி எடுத்தேன். கவுன்சிலர் மறுபடி ஓட்டு என்றார். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். இந்த ஊர்ப் பனியனைத் தைக்கிறவர்கள், இந்த ஊர்க் கடையில் அரிசி வாங்குகிறவர்கள், இந்த ஊரில் பிள்ளை பெறப் போகிறவர்கள். நன்றாகத்தான் பேசினேன், ஒரு ஈகூட அசையவில்லை.

அப்போது ருக்குமணி எழுந்தார். "இவங்களுக்குத் தனிக் குழாய் போட்டுட்டா எங்க குழாய்க்கு வரமாட்டாங்கல்ல?"

"வரமாட்டாங்க."

"அப்ப போட்டுத் தொலைங்க! இத்தனை நாளா அதை ஏன் போடாம வெச்சிருக்கீங்க?"

ஏழாம் வார்டுப் பெண்கள் மொத்தமும் ஆமாம் ஆமாம் என்றது. கவுன்சிலர் சட்டென்று, தானும் அதைத்தான் சொல்ல வந்ததாகச் சொன்னார். தலைவர் காது கடிக்கும் தூரத்துக்கு வந்து, "மூச்சு விடாம எழுதிக்குங் ஈ.ஓ. அம்மா, மாத்திப் பேசறதுக்குள்ள" என்றார்.

ஆனால் நாச்சிமுத்து மசியவில்லை. "குழாய் போடுங், வேண்டாங்கலை. கம்பம் எடுத்த மறுநாள் வேற ஆளுகளுக்கு ரூமைப் பேசி அட்வான்ஸ் வாங்கிட்டேன். தனிப்பசங்க, தொல்லை இல்லை" என்றார். வெளியே போகும்போது மினதி பக்கம் பார்க்காமல் போனார்.

மார்ச் 28, வெள்ளி

அவசரக் கூட்டம். தீர்மானம் நிறைவேறியது. தெருநாய் அப்படியே இருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான் விடுமுறை. அலுவலகம் பூட்டு, குழி வெட்டுகிறோம். வால்வு திறக்கிற திருமூர்த்தி கயிறு பிடித்துக் கோடு போட்டான், லைன் ஆண்கள் கடப்பாரை போட்டார்கள். மத்தியானத்துக்குமேல் ஏழாம் வார்டுப் பையன்கள் சிலர் சும்மா பார்க்க வந்து, பார்த்துக்கொண்டு நிற்கப் பிடிக்காமல் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வால்வைத் திறந்தபோது முதலில் காற்று சீறியது. பிறகு செம்மண் கலங்கல். பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடியாகத் தண்ணீர். மினதி எழுந்து வந்து உள்ளங்கையில் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எத்தனையோ குழாய்களுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தண்ணீர் வருகிற முதல் நொடியில் பக்கத்தில் நின்றது இதுதான் முதல்முறை. அது இவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் எனக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. தூத்துக்குடி மாவட்டம். வெள்ளிக்கிழமை இங்கிருந்து விடுவிப்பு. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சந்தோஷமாச் சொல்லேன்ட்டீ, ஏன் இப்படி இழுக்கே" என்றாள். தலைவலி என்றேன்.

மினதி மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். நாச்சிமுத்து வியாழன் காலை சாவி வாங்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பிரசவம் வரைக்குமாவது மினதியை மருத்துவமனையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அத்தனை மாதம் முடியாது என்றார்கள்.

ஏப்ரல் 2, புதன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தினமும் விடியலில் பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகப் போய்க் கம்பத்துக்கு ஊற்றுகிறார்கள். இன்று கடைசி நாள், சாயங்காலம் கம்பத்தை எடுத்துவிடுவார்கள். மினதி நேற்றே சைகையில் கேட்டாள்: நானும் ஊற்றலாமா? அவள் குடம் தூக்கக் கூடாது. நான் தூக்குகிறேன் என்றேன். புதுக் குழாயில் பிடித்தோம். லைன் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், எல்லார் இடுப்பிலும் குடம்.

கோவில் வீதியில் திரும்பியதும் நான் நின்றுவிட்டேன். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஈரத் தலையோடு, மஞ்சள் சேலையில், வீதியின் அந்தக் கோடிவரை நின்றார்கள். நடுவே தனியாக அந்த மரம், பதினைந்து நாள் தண்ணீரில் பொன்னாக மின்னிக்கொண்டு. வீதியெல்லாம் மஞ்சள் தண்ணீர் ஓடியது. வேப்பிலை வாசனை. கிழக்கே அப்போதுதான் வெளுத்தது. இவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான்.

எங்களைப் பார்த்ததும் வரிசை நின்றது. ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. மினதி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் குடம் வைத்துப் பழக்கமில்லாமல் நான் பாதியைச் சேலையில் சிந்தியிருந்தேன்.

வரிசையிலிருந்து ருக்குமணி விலகி எங்களை நோக்கி வந்தார். போச்சு என்று நினைத்தேன். கிட்டே வந்து என்னையும் குடத்தையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஆபீசுல உக்காந்து கையெழுத்துப் போடற இடுப்புல குடம் நிக்குமா? ஆத்தாளுக்குக் கொண்டுவர்ற தண்ணிய வழியெல்லாம் ஊத்தி வெச்சிருக்கீங்க. குடுங் இப்படி."

குடத்தை என் இடுப்பிலிருந்து பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். மறு கையால் மினதியின் தோளைப் பிடித்தார். "மசையாட்ட முழிச்சுட்டு நிக்காத, வா சாமி. வழுக்கும், பாத்து அடி வை." வரிசையைப் பார்த்து, "தள்ளுங்கடி, வயித்துப்புள்ளைக்காரி வர்றா" என்றார். வரிசை பிரிந்து வழி விட்டது.

கம்பத்தின் அடியில் ருக்குமணி குடத்தைச் சாய்த்துப் பிடிக்க, மினதி ஒரு கையை மட்டும் குடத்தின்மேல் வைத்தாள். புதுக் குழாய்த் தண்ணீர் கம்பத்தில் இறங்கி, எல்லார் தண்ணீரோடும் கலந்து, வீதியில் ஓடியது. நான் ஊற்றவில்லை, எனக்கு என் சாமி உண்டு. ஆனால் கை தானாகக் கூப்பியிருந்தது. அழுதேன். புகை என்று சொல்ல அங்கே புகைகூட இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கம்பத்தை நேற்றே பிடுங்கிக் கொண்டுபோய்க் கிணற்றில் விட்டுவிட்டார்கள், அதுதான் வழக்கமாம். கோவில் முன்னால் குழி மட்டும் இருக்கிறது. இனி யாரும் எங்கும் போகலாம். பார்க்கவே என்னவோபோல் இருந்தது.

இன்று மஞ்சள் நீராட்டு. மாமன், மச்சான், கொழுந்தன் என்று முறையுள்ளவர்கள்மேல்தான் மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம். தண்ணீர் பட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அன்றைக்கு எதையும் மறுக்கவும் கூடாது. இதையெல்லாம் ருக்குமணிதான் சொன்னார். அதிகாலையே அண்டாவில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு, தன் வீட்டை விட்டுவிட்டு, லைன் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். ஏன் இங்கே என்று கேட்டதற்கு, நிழல் நன்றாக இருக்கிறது என்றார். ஒரு மரமும் இல்லை.

நாச்சிமுத்து சலவை வேட்டியில் வந்து இறங்கினார். மூட்டைகள் வரிசையாக வாசலில் இருந்தன. "சாவியக் கு..." என்று ஆரம்பித்தார். ருக்குமணி அண்டாவிலிருந்து ஒரு சொம்பு மொண்டு தலையோடு ஊற்றினார். "மச்சானுக்கு!" என்று ஒரு கூச்சல்; அவர் ருக்குமணிக்கு மச்சான் முறையாம். ஏழாம் வார்டுப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது, குடம் குடமாக ஊற்றினார்கள். வேட்டி, சட்டை, மீசை எல்லாம் மஞ்சள். மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், வேறு வழியில்லை.

கடைசிச் சொம்பை ருக்குமணி மினதியிடம் கொடுத்தார். மினதி தயங்கினாள். நாச்சிமுத்துவும் அவளைப் பார்த்தார், இந்தத் தடவை நேராக.

"நீ எனக்கு என்ன முறையாகுது?" என்றார்.

"என்ற தங்கச்சி அவ. அப்ப உனக்குக் கொழுந்தியாதான். தலையக் குனி" என்றார் ருக்குமணி.

நாச்சிமுத்து குனிந்தார். மினதி எட்டி ஊற்றினாள். கொஞ்ச நேரம் அவர் நிமிரவே இல்லை. பிறகு கீழே கிடந்த மூட்டை ஒன்றைத் தூக்கி, சொட்டச் சொட்ட நடந்து, கைலாஷின் அறைக்குள் வைத்துவிட்டு வந்தார். "அந்தப் பசங்களுக்கு அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துக்கறேன். இன்னைக்கு மறுக்கக் கூடாதுல்ல" என்று என்னிடம் சொன்னார். அதற்குள் என் தலையிலும் யாரோ ஊற்றிவிட்டார்கள். நான் யாருக்கு என்ன முறை என்று கேட்கவில்லை.

மத்தியானம் தலைவர் வந்தார். "மூணு வீடு காலியா இருக்குதுங், மகன்களெல்லாம் ஒத்துக்கிட்டாங்களாமா. வந்து பாக்கறீங்களா?" என்றார். உத்தரவைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். கிளம்பிப் போய்விட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

மாற்றலை ரத்து செய்யும்படி நேற்றே எழுதி அனுப்பிவிட்டேன். அம்மா காலையிலேயே போனில் திட்டிவிட்டு, அந்த ஊரில் நல்ல மீன் கிடைக்குமா என்று கேட்டாள்.

தண்ணீர் நாள். ஐந்தரைக்கே வண்டி வந்தது, தமிழில் ஒரு தடவை, ஒடியாவில் ஒரு தடவை. வாளியை எடுத்துக்கொண்டு புதுக் குழாய்க்குப் போனேன். பார்த்தால் ருக்குமணி முதல் ஆளாக நிற்கிறார், பின்னால் ஏழாம் வார்டில் பாதி. இந்தப் பக்கம் பள்ளம், தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருகிறது. அவர்கள் குழாயில் நூல்போலத்தான் வருமாம். அவருக்கும் மினதிக்கும் என்ன பேச்சோ, இரண்டு பாஷையிலும் நடந்துகொண்டிருந்தது.

வேலை கிடக்கிறதே என்று முன்னால் போய் வாளியை வைத்தேன். ருக்குமணி அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"ஈ.ஓ.வா இருந்தா என்ன? ஊர்க்காரங்க எல்லாம் வரிசையிலதான் வரோணும்."

எடுத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றேன்.